யாருடைய கடிகாரத்தில்? சார்பியல், ஈர்ப்பு, அடிப்படை இயற்பியல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயற்பியல் கற்பிக்கிறவன் என்று தெரிந்ததும் என்னிடம் வரும் ஐயங்கள் பெரும்பாலும் ஒரே சிலவாகவே இருக்கின்றன. எந்த வரியில் கேட்பவரின் நெற்றி சுருங்கும் என்பதுகூட எனக்கு இப்போது பழகிவிட்டது. ஆகவே அவற்றைக் கேட்டவர்களின் வாக்கிலேயே எழுதி, எளியவை முன்னும் சிக்கலானவை பின்னுமாக இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தக் குழப்பங்களில் பாதிக்கு மேல், "யாருடைய கடிகாரத்தில்?" என்று கேட்க மறப்பதால் வருபவை என்பது என் அனுபவம்.

1. சார்பியல் என்றால் "எல்லாமே அவரவர் பார்வையைப் பொறுத்தது" என்பதுதானே?

ஏறத்தாழ அதற்கு நேர்மாறானது. சீரான வேகத்தில் செல்லும் கப்பலின் மூடிய அறைக்குள் என்ன சோதனை செய்தாலும் கப்பல் ஓடுகிறதா, நிற்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது என்பதைக் கலிலியோவே எழுதிவிட்டார். 1905-இல் ஐன்ஸ்டைன் அதனோடு ஒன்றைச் சேர்த்தார்: வெற்றிடத்தில் ஒளியின் வேகமும் எல்லோருக்கும் ஒன்றே. இந்த இரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொண்டால், நீளம், கால இடைவெளி, "ஒரே நேரத்தில் நடந்தது" என்னும் தீர்ப்பு ஆகிய மூன்றும் அளப்பவரைப் பொறுத்து மாறியே தீரும்.

மாறுபவை இவை போன்ற அளவுகளே. இயற்பியல் விதிகள் மாறுவதில்லை. இரு நிகழ்வுகளுக்கு இடையே வெளியையும் காலத்தையும் சேர்த்துக் கணக்கிடும் காலவெளி இடைவெளியும் யார் அளந்தாலும் ஒன்றுதான். மாறாமைக் கோட்பாடு என்று பெயர் வைத்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

2. ஒளியை எதிர்த்து நான் ஓடினால், அது என்னை நோக்கி இன்னும் வேகமாக வர வேண்டாமா?

வேகங்களை நேரடியாகக் கூட்டலாம் என்று அன்றாட அனுபவம் சொல்வதால் எழும் கேள்வி இது. அந்தக் கூட்டல் ஒரு தோராயம். சிறிய வேகங்களுக்கு மிக நல்ல தோராயம், அவ்வளவே. ஒளிவேகத்தில் பாதி வேகத்தில் எதிரெதிரே வரும் இரு விண்கலங்களில் ஒன்றிலிருந்து மற்றதை அளந்தால், அது ஒளிவேகத்தில் வருவதாகத் தெரியாது; ஒளிவேகத்தில் 80 விழுக்காடு வேகத்தில் வருவதாகவே தெரியும். அதே விதிப்படி ஒளிவேகத்தோடு எதைக் கூட்டினாலும் விடை ஒளிவேகமே.

பூமி சூரியனைச் சுற்றி விநாடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆகவே ஒளியின் வேகம் திசைக்குத் திசை மாறும் என்று எதிர்பார்த்துத்தான் 1887-இல் மைக்கல்சனும் மோர்லியும் அளந்தார்கள். எதிர்பார்த்த வேறுபாடு கிடைக்கவில்லை. ஒளிவேகத்தின் மீது நமக்கு இன்று இருக்கும் நம்பிக்கை எவ்வளவு என்றால், 1983 முதல் மீட்டரையே அதைக் கொண்டுதான் வரையறுக்கிறோம்: விநாடிக்கு 29,97,92,458 மீட்டர், கூடுதலோ குறைவோ இல்லாமல்.

3. ஓடும் கடிகாரம் மெதுவாகும் என்கிறார்கள். அது கடிகாரத்தின் கோளாறா, நேரமே மெதுவாகிறதா?

கோளாறு இல்லை. தூய சான்று மியூவான் என்னும் துகள். விண்ணிலிருந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது, பெரும்பாலும் 15 கிலோமீட்டர் உயரத்தில், மியூவான்கள் பிறக்கின்றன. அவற்றின் சராசரி ஆயுள் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. ஒளிவேகத்திலேயே ஓடினாலும் அதற்குள் சுமார் 660 மீட்டர்தான் கடக்க முடியும். ஆனாலும் அவை தரைவரை வந்து சேர்கின்றன. இதை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே சில உங்கள் உள்ளங்கையை ஊடுருவிச் சென்றிருக்கும். மியூவானுக்குள் பழுதாவதற்குப் பல்சக்கரம் எதுவும் இல்லை. நம் கடிகாரத்தில் அதன் ஆயுள் நீண்டிருக்கிறது.

மியூவானோடு சேர்ந்து பயணித்தால் என்ன தெரியும்? அதன் கடிகாரத்தில் ஆயுள் அதே 2.2 பங்குதான், ஆனால் எதிரே பாய்ந்து வரும் காற்று மண்டலத்தின் தடிமன் சில நூறு மீட்டராகச் சுருங்கியிருக்கும். கதைகள் இரண்டு, மியூவான் தரையைத் தொட்டது என்ற முடிவு ஒன்று.

4. எனக்கு அவர் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது, அவருக்கு என் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்றால், பயணம் போய்த் திரும்பும் இரட்டையரில் யார் இளையவர்?

பயணம் போனவர். 4 ஒளியாண்டு தொலைவிலுள்ள விண்மீனுக்கு ஒளிவேகத்தில் 80 விழுக்காடு வேகத்தில் சென்று உடனே திரும்பினால், பூமியில் இருந்தவருக்கு 10 ஆண்டுகள் கழிந்திருக்கும். சென்றவருக்கு 6 ஆண்டுகள். இருவரும் அருகருகே நின்று கடிகாரங்களை ஒப்பிடும்போது கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை.

சீரான வேகத்தில் விலகிச் செல்லும்வரை இருவர் நிலையும் சமம்தான். ஆனால் ஒருவர் திரும்பினார், மற்றவர் திரும்பவில்லை. இரண்டு ஊர்களுக்கு இடையே ஒருவர் நேர்ச்சாலையிலும் மற்றவர் வளைந்த சாலையிலும் போனால், வண்டிகளின் தொலைவுமானிகள் வேறு வேறு எண்களைக் காட்டுவதில் யாருக்கும் வியப்பில்லை. கடிகாரம் காலவெளியின் தொலைவுமானி. ஒரே வித்தியாசம், இங்கே நேர்ப்பாதையில் சென்றவருக்கே அதிக நேரம் கழிகிறது. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 9-ஆம் கேள்வியில் அதுவே பதிலாக வரும்.

5. வேகமாகப் போனால் நிறை கூடும் என்றுதானே பள்ளியில் படித்தோம்?

பழைய பாடநூல்கள் அப்படித்தான் சொல்லின. கணக்கில் பிழை இல்லை; சொல்வழக்குதான் மாறிவிட்டது. நிறை என்றால் பொருள் ஓய்வில் இருக்கும்போது உள்ள நிறை மட்டுமே என்றும், வேகத்தோடு கூடுபவை ஆற்றலும் உந்தமும் என்றும் சொல்வதே இன்றைய வழக்கம். "வேகமாக ஓடினால் நிறை கூடிக் கருந்துளை ஆகிவிடுவோமா?" என்ற கேள்விக்கும் இதனாலேயே இடமில்லாமல் போகிறது. உங்களோடு சேர்ந்து பயணிப்பவருக்கு நீங்கள் ஓய்வில்தான் இருக்கிறீர்கள்.

6. நிறையும் ஆற்றலும் ஒன்று என்பதை என் உடலை வைத்து விளக்க முடியுமா?

முடியும். உடலின் நிறை ஏறக்குறைய முழுவதும் புரோட்டான்களிலும் நியூட்ரான்களிலும் இருக்கிறது. ஒரு புரோட்டானில் குவார்க்குகள் என்னும் அடிப்படைத் துகள்கள் மூன்று. அவற்றின் நிறைகளைக் கூட்டினால் புரோட்டானின் நிறையில் சுமார் ஒரு விழுக்காடுதான் தேறுகிறது. மிச்சமெல்லாம் அந்தச் சிறு இடத்துக்குள் குவார்க்குகளின் ஓட்டமும் அவற்றைக் கட்டி வைத்திருக்கும் வன்விசைப் புலத்தின் ஆற்றலும்தான். 2012-இல் செர்ன் ஆய்வகத்தில் ஹிக்ஸ் துகளைக் கண்டறிந்தபோது "எல்லா நிறைக்கும் காரணம் கிடைத்தது" என்று எழுதினார்கள். ஹிக்ஸ் புலம் விளக்குவது குவார்க், எலெக்ட்ரான் போன்ற அடிப்படைத் துகள்களின் நிறையை. நீங்கள் எடை பார்க்கும் கருவியில் ஏறி நிற்கும்போது அது காட்டுவதில் பெரும்பகுதி, அடைபட்ட ஆற்றலே.

எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. சூரியன் ஒளியாக வீசும் ஆற்றலால் விநாடிக்கு 40 லட்சம் டன்னுக்கு மேல் நிறையை இழந்துகொண்டிருக்கிறது.

7. விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லாததால்தானே மிதக்கிறார்கள்?

நிலையம் சுற்றுவது தரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். அங்கே பூமியின் ஈர்ப்பு தரையில் உள்ளதில் ஏறக்குறைய 90 விழுக்காடு. மிதப்பதற்குக் காரணம், நிலையமும் அதற்குள் இருப்பவர்களும் ஒன்றாக விழுந்துகொண்டே இருப்பது. விநாடிக்கு 7.7 கிலோமீட்டர் பக்கவாட்டு வேகம் இருப்பதால், அவர்கள் விழும் அளவுக்குப் பூமியின் பரப்பும் வளைந்து விலகிக்கொண்டே போகிறது.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில் துளையிட்டு, நீர் நிரப்பி, மூடியைத் திறந்தபடி பிடியுங்கள். துளையிலிருந்து நீர் பீறிடும். அப்படியே கையை விடுங்கள். பாட்டில் விழும் அந்த அரை விநாடியில் நீர் வெளியேறுவது நின்றுவிடும், ஏனென்றால் நீரும் பாட்டிலும் ஒன்றாக விழுகின்றன. அந்த அரை விநாடிக்குப் பாட்டில்தான் விண்வெளி நிலையம்.

8. அப்படியானால் ஈர்ப்பு ஒரு விசையா, இல்லையா?

உங்கள் கைப்பேசியிலுள்ள முடுக்கமானியின் அளவைக் காட்டும் செயலி ஒன்றை நிறுவி, கைப்பேசியை மேசைமேல் அசையாமல் வையுங்கள். அது சுழியத்தைக் காட்டாது. மேல்நோக்கி ஏறத்தாழ 9.8 என்று காட்டும். பிறகு அதைத் தலையணைமேல் விழவிடுங்கள். விழும்போது பதிவான எண் சுழியத்தை ஒட்டி இருக்கும். கருவியைப் பொறுத்தவரை, மேசைமேல் இருப்பதுதான் தள்ளப்படும் நிலை. விழுவதே எந்த விசையும் படாத இயல்பு நிலை.

ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியல் இந்தக் கருவியின் பக்கம் நிற்கிறது. மேசை உங்கள் கைப்பேசியை மேல்நோக்கித் தள்ளுகிறது. அந்த விசை உண்மையானது. கீழ்நோக்கி இழுக்கும் விசை என்று ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளத் தேவையில்லை. சுத்தியலும் இறகும் ஒன்றாக விழுவதும் அப்போது இயல்பாகிவிடுகிறது. 1971-இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் காற்றில்லாத நிலவில் அதைச் செய்தே காட்டினார். இருந்தாலும் பாலம் கட்டவும் விண்கலம் செலுத்தவும் "ஈர்ப்பு விசை" என்று நியூட்டன் வழியில் கணக்கிடுவதில் எந்தத் தவறும் இல்லை. நானும் அப்படித்தான் கணக்கிடுகிறேன்.

9. ரப்பர் விரிப்பில் குண்டை வைத்து "வளைந்த வெளி" என்று காட்டுகிறார்கள். அந்த விரிப்பு குழிவதற்கே ஈர்ப்பு வேண்டுமே?

இந்த ஐயம் முற்றிலும் நியாயமானது. எனக்கு அந்த விரிப்பு பிடிப்பதே இல்லை. ஈர்ப்பை விளக்க ஈர்ப்பையே பயன்படுத்துகிறது என்பது அதன் சிறிய குறை. காலத்தை முழுவதுமாக விட்டுவிடுகிறது என்பது பெரிய குறை. கையிலிருந்து விட்ட பந்து விழுவதற்குக் காரணம் வெளியின் வளைவன்று, காலத்தின் வளைவே.

பூமிக்கு அருகே, ஒரு மீட்டர் மேலே உள்ள கடிகாரம் கீழே உள்ளதைவிடச் சற்று வேகமாக ஓடுகிறது. வேறுபாடு மிகச் சிறியது: 1-க்குப் பின்னால் 16 சுழியங்கள் போட்டால் வரும் எண்ணில் ஒரு பங்கு. இப்போது 4-ஆம் பதிலுக்கு வாருங்கள்: காலவெளியில் நேர்ப்பாதை என்பது சொந்தக் கடிகாரத்தில் மிக அதிக நேரம் கழியும் பாதை. ஒரு கடிகாரத்தை மேலே எறிந்து, சரியாக ஒரு விநாடியில் அது கைக்குத் திரும்ப வேண்டும் என்று நிபந்தனை போடுவோம். உயரே போனால் ஈர்ப்பால் நேரம் கூடும். ஆனால் அதிக உயரம் போக அதிக வேகம் வேண்டும், அந்த வேகம் நேரத்தைக் குறைக்கும். இந்த வரவு செலவில் மிகுந்த லாபம் தரும் உயரம் எதுவென்று கணக்கிட்டால் சுமார் 1.2 மீட்டர் என்று வரும். பள்ளிக் கணக்கில் வரும் அதே உயரம். பந்து யாராலும் இழுக்கப்படாமல், தனக்கு மிக அதிக நேரம் தரும் நேர்ப்பாதையில் போகிறது. தரைக்கட்டுப்பட்ட நமக்கு அது வளைவாகத் தெரிகிறது.

அவ்வளவு சிறிய வேறுபாடு எப்படி இவ்வளவு கண்கூடான விளைவைத் தருகிறது என்றால், ஒரு விநாடி என்பது காலவெளியில் சிறு அடி அன்று. ஒளியின் அளவில் அது 3 லட்சம் கிலோமீட்டர். வெளியின் வளைவு கணக்கில் வருவது ஒளியைப்போல மிக வேகமாகச் செல்பவற்றுக்கே. காலத்தின் வளைவு மட்டும் என்றால், சூரியனை உரசி வரும் விண்மீன் ஒளி 0.87 கோண விநாடி (கோண விநாடி என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) திரும்பும். வெளியின் வளைவையும் சேர்த்தால் இரு மடங்காகி 1.75. 1919 மே மாதச் சூரிய கிரகணத்தின்போது பிரின்சிபி தீவிலும் பிரேசிலின் சோப்ராலிலும் எடுத்த ஒளிப்படங்கள் இரண்டாவது எண்ணுக்கே சாதகமாக அமைந்தன.

10. ஈர்ப்பால் கடிகாரம் மெதுவாவதை யாராவது அளந்திருக்கிறார்களா?

பல முறை. 1960-இல் பவுண்டும் ரெப்காவும் ஹார்வர்டில் 22.5 மீட்டர் உயர வேறுபாட்டில், காமா கதிர்களின் அதிர்வெண் மாற்றத்தின் வழியே அளந்தார்கள். 2010-இல் அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிறுவனத்தில் ஓர் ஒளியியல் அணுக்கடிகாரத்தை 33 சென்டிமீட்டர் உயர்த்தியபோதே வேறுபாடு தெரிந்தது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் இரண்டு விளைவுகளும் எதிரெதிரே இயங்குகின்றன. அவற்றின் வேகத்தால் கடிகாரம் நாளொன்றுக்கு 7 மைக்ரோவிநாடி (விநாடியின் பத்து லட்சத்தில் 7 பங்கு) பின்தங்குகிறது. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு குறைவாக இருப்பதால் 45 மைக்ரோவிநாடி முந்துகிறது. நிகரம் 38 முந்தல். அவ்வளவு நேரத்தில் ஒளி கடக்கும் தொலைவு 11 கிலோமீட்டர் என்பதால், திருத்தம் செய்யாமல் விட முடியாது. தாழ்வாகச் சுற்றும் விண்வெளி நிலையத்தில் வேகமே வெல்கிறது: ஆறு மாதம் இருந்து திரும்புபவர் நம்மைவிட 4 அல்லது 5 மில்லிவிநாடி இளையவர். பூமியின் மையமும், அது உருவான காலத்திலிருந்து கணக்கிட்டால், மேற்பரப்பைவிடச் சுமார் இரண்டரை ஆண்டு இளையது.

11. சூரியன் இந்த நொடியே மறைந்தால் பூமி உடனே விலகி ஓடுமா?

ஓடாது. ஈர்ப்பில் ஏற்படும் மாற்றமும் ஒளிவேகத்தில்தான் பரவுகிறது. எட்டு நிமிடம் இருபது விநாடி கழித்தே தெரியவரும். 2017 ஆகஸ்டு 17 அன்று, சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதன் ஈர்ப்பலையும் (காலவெளியில் பரவும் அதிர்வு) காமா கதிரும் 1.7 விநாடி இடைவெளியில் வந்து சேர்ந்தன.

கேள்வியில் ஒரு பொறி இருக்கிறது. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் ஆற்றல் எங்கும் போகாமல் காணாமல் போவதை அனுமதிப்பதில்லை. ஆகவே "சூரியன் சட்டென்று மறைந்தால்" என்பதற்கு அவற்றில் விடையே கிடையாது. சூரியனை யாரோ தள்ளி அகற்றுவதாகவோ அது வெடித்துச் சிதறுவதாகவோ வைத்துக்கொண்டால்தான் கணக்கிட முடியும்.

12. ஈர்ப்பலை வெளியையே நீட்டுகிறது என்றால் அளவுகோலும் நீளுமே. பிறகு எதை வைத்து அளந்தார்கள்?

எனக்கு வரும் கேள்விகளில் இதுவே கூர்மையானது. உருக்கு அளவுகோல் நீளாமல் தன்னைப் பிடித்துக்கொள்ளும், ஏனெனில் அணுப்பிணைப்புகள் அதை அதன் நீளத்துக்கே இழுத்துவிடும். ஈர்ப்பலையை அளக்கும் லைகோ கருவியில் நீண்ட குழாய்களுக்குள் ஒளியைத் திருப்பும் ஆடிகளோ ஊசல்போலத் தொங்கவிடப்பட்டவை. கிடைத்திசையில் அவை தடையின்றி நகரலாம். அளவுகோல் அங்கே ஒளி. அலை கடக்கும்போது குழாய்க்குள் இருக்கும் ஒளியும் நீளும் என்பது உண்மைதான், ஆனால் 4 கிலோமீட்டர் நீளக் குழாயில் ஒளி போய்த் திரும்ப 27 மைக்ரோவிநாடிதான் ஆகிறது. ஈர்ப்பலையின் ஓர் அதிர்வோ பல மில்லிவிநாடி எடுத்துக்கொள்கிறது. அதற்குள் புதிய ஒளி வந்துகொண்டே இருக்கும். ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு குழாய்களிலிருந்தும் ஒளியலையின் முகடுகள் திரும்பி வரும் நேர வேறுபாடே அளக்கப்படுகிறது.

2015 செப்டம்பர் 14 அன்று முதன்முதலாகப் பதிவான அலையில், நீள மாற்றம் ஒரு புரோட்டானின் விட்டத்தில் நூறில் ஒரு பங்கைவிடக் குறைவு.

13. கருந்துளை அருகிலுள்ள எல்லாவற்றையும் உறிஞ்சிவிடுமா? உள்ளே விழுபவர் எல்லையில் உறைந்து நின்றுவிடுவாரா?

சூரியனை எடுத்துவிட்டு அதே நிறையுள்ள கருந்துளையை வைத்தால், பூமி இருளில் அதே பாதையில் சுற்றும். அக்கருந்துளையின் எல்லை, அதாவது உள்ளே போனால் ஒளியும் திரும்பி வராத பரப்பு, சுமார் 3 கிலோமீட்டர் ஆரம் கொண்டது. மிக நெருங்கினால்தான் ஆபத்து. (சூரியன் தானாக அப்படி ஆகாது. எரிந்து முடிந்த வெண்குறு விண்மீன் சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு நிறைக்கு மேல் தாக்குப்பிடிக்காது என்று இளம் வயதிலேயே காட்டியவர் சுப்ரமணியன் சந்திரசேகர். 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.)

உறைந்து நிற்பது தொலைவில் இருந்து பார்ப்பவரின் கடிகாரத்தில் மட்டுமே. விழுபவரிடமிருந்து வரும் ஒளி மேலும் மேலும் தாமதமாகி, சிவந்து, மங்கிவிடும். விழுபவரின் கடிகாரத்தில் எல்லையைக் கடப்பது சட்டென நடந்து முடிகிறது. 2019-இல் படம் வெளியான எம்87 விண்மீன் மண்டலத்தின் கருந்துளையைப்போல் 650 கோடி சூரிய நிறை கொண்ட ஒன்றில், எல்லையைக் கடக்கும் தருணத்தில் உடலில் எதுவும் உணரப்படாது.

14. அண்டம் ஒளியைவிட வேகமாக விரிகிறதாமே, அது விதிமீறல் இல்லையா?

இல்லை. ஒளியை முந்தக்கூடாது என்ற விதி, ஒரே இடத்தில் ஒன்றையொன்று கடந்து செல்பவற்றுக்கு உரியது. தொலைதூர விண்மீன் மண்டலங்கள் வெளியின் ஊடே பாயவில்லை. இடையிலுள்ள வெளி வளர்கிறது. அண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டு என்றாலும் நாம் காணக்கூடிய எல்லை இன்று 4,600 கோடி ஒளியாண்டு தொலைவில் இருப்பது இதனால்தான்.

15. குவாண்டம் பின்னல் மூலம் உடனடியாகச் செய்தி அனுப்பலாமா?

முடியாது. பின்னிய, அதாவது அளந்தால் விடைகள் ஒன்றோடொன்று பொருந்தி வரும்படி இணைந்த, இரு துகள்களில் ஒன்றை நான் அளந்தால் எனக்குக் கிடைப்பது நான் தேர்ந்தெடுக்க முடியாத ஒரு தற்செயலான விடை. மறுமுனையில் உள்ளவருக்கும் அப்படியே. இரு பட்டியல்களையும் பின்னர் சாதாரண வழியில் கொண்டுவந்து ஒப்பிட்டால்தான் பொருத்தம் தெரிகிறது. அந்தப் பொருத்தம் முன்பே ஒளித்து வைத்த விடைகளால் விளக்க முடியாத அளவுக்கு வலுவானது. அதைச் சோதனையில் நிறுவியதற்காகத்தான் 2022-இல் ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவரும் நோபல் பெற்றார்கள்.

16. ஒளித்துகளுக்கு நேரமே ஓடாதாமே?

ஒளித்துகளோடு சேர்ந்து நகர்ந்து பார்க்கும் நிலை என்று ஒன்று சார்பியலில் கிடையாது, ஏனெனில் அந்த நிலையில் ஒளி நின்றுவிட வேண்டும். அது 1-ஆம் பதிலில் சொன்ன அடிப்படைக்கே முரண். யாருடைய கடிகாரம் என்று கேட்டால், இங்கே கடிகாரமே இல்லை.

17. ஈர்ப்பு மட்டும் ஏன் இவ்வளவு பலவீனமாக இருக்கிறது?

ஒரு சிறு காந்தத்தைக் குண்டூசியின் மேலே காட்டுங்கள். ஊசி எழும்பி ஒட்டிக்கொள்கிறது. கீழே முழுப் பூமியும் அதை இழுத்துக்கொண்டிருக்கிறது. இரு புரோட்டான்களுக்கு இடையே மின்விலக்கு, ஈர்ப்பைவிட 1-க்குப் பின்னால் 36 சுழியங்கள் போட்ட அளவு வலியது. மின்விசை நேர், எதிர் என்று ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்வதாலும் ஈர்ப்பு கூடிக்கொண்டே போவதாலும்தான் கோள்களின் அளவில் ஈர்ப்பு ஆள்கிறது. அந்த 36 சுழியங்களுக்கு ஏற்கத்தக்க காரணம் இயற்பியலில் இன்னும் இல்லை.

18. பொதுச் சார்பியலும் குவாண்டமும் ஒத்துப்போகாது என்கிறார்களே, குறிப்பாக எங்கே முட்டுகின்றன?

கருந்துளையின் மையத்தையும் பெருவெடிப்பின் தொடக்கத்தையும்தான் வழக்கமாகச் சொல்வார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. குவாண்டம் விதிப்படி ஒரு பொருள் இரண்டு இடங்களில் இருக்கும் நிலைகளின் கலவையாக இருக்கலாம். அப்போது அதன் நிறை காலவெளியை எந்த இடத்தில் வளைக்கும்? இங்கா, அங்கா, அல்லது வளைவும் அதேபோல் கலவையாகுமா? 1957-இல் அமெரிக்காவின் சேப்பல் ஹில் நகரில் நடந்த கருத்தரங்கில் இயற்பியலர் ஃபெயின்மன் இந்த வடிவிலேயே கேள்வியை முன்வைத்தார்.

விடை சோதனையில்தான் வர வேண்டும். தடை அளவில் இருக்கிறது. 2019-இல் வியன்னா ஆய்வாளர்கள் கலவை நிலையில் வைத்துக் காட்டிய மூலக்கூறுகளின் நிறை ஹைட்ரஜன் அணுவைப்போல் 25,000 மடங்குக்குச் சற்றே அதிகம். 2021-இல் அதே நகரில், தன் ஈர்ப்பை அளக்குமளவுக்குக் காட்டிய தங்கக் குண்டு 2 மில்லிமீட்டர் விட்டமும் சுமார் 90 மில்லிகிராம் நிறையும் கொண்டது. முதலாவதைவிட இரண்டாவது, 2-க்குப் பின்னால் 18 சுழியங்கள் போட்ட மடங்கு கனமானது. ஒரு பக்கம் கலவை நிலையில் வைக்கும் பொருளின் நிறையைக் கூட்டவும், மறுபக்கம் ஈர்ப்பை அளக்கும் பொருளின் நிறையைக் குறைக்கவும் ஆய்வகங்கள் முயன்றுகொண்டிருக்கின்றன.